எடை இறங்கவில்லை, ரத்தக்குழாய் தேறியது

கையில் பி.பி. பட்டையைச் சுற்றி ஐந்து நிமிடம் இறுக்கி வைக்கிறார்கள். பிறகு சட்டென்று காற்றை இறக்கிவிடுகிறார்கள். தடைபட்டிருந்த ரத்தம் வேகமாகப் பாயும்போது கையின் தமனி எவ்வளவு விரிகிறது என்பதை ஸ்கேன் அளக்கிறது. நன்றாக விரிந்தால் குழாயின் உள்சுவர் நலமாக இருக்கிறது. விரியத் தயங்கினால் அது இதயநோய்க்கான முன்னெச்சரிக்கை.

சினைப்பை நீர்க்கட்டி நோய் எனப்படும் பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்கள் பலருக்கு இளம் வயதிலேயே இந்த விரிவு குறைவாக இருக்கிறது.

மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் ரோமம், குழந்தைப்பேறு தாமதமாவது என்று சினைப்பையைச் சுற்றியே இந்நோயைப் பற்றிய பேச்சு ஓடுகிறது. 1935-இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டைனும் லெவன்தாலும் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையும் சினைப்பையைப் பற்றியதே. ஆனால், பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இன்சுலினுக்கு உடல் சரியாக மசிவதில்லை. சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும் அதே இன்சுலின்தான் ரத்தக்குழாய்ச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கவும் தூண்டுகிறது. குழாயைத் தளர்த்தி விரிக்கும் வாயு அது. அதன் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உடற்பயிற்சி இதே வாயுவை வேறு வழியில் சுரக்க வைக்கிறது. வேகமாக நடக்கும்போது ரத்தம் குழாய்ச் சுவரை உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்த உரசலே போதும். உழைக்கும் தசையும் இன்சுலினுக்குக் காத்திராமல் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது.

லிவர்பூல் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட சிறு ஆய்வு ஒன்றில், பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்கள் 16 வாரம் பயிற்சி செய்தார்கள். உடல் கொழுப்பு குறையவில்லை. தமனி மட்டும் முன்பைவிட நன்றாக விரிந்தது.

“முதல்ல வெயிட்டைக் குறைங்க” என்ற அறிவுரையோடு அனுப்பப்படும் பெண்கள், எடைமெஷின் முள் அசையாததைப் பார்த்து நடையை விட்டுவிடுவதுண்டு. குழாய்க்குள் நடப்பதை அந்த முள் காட்டாது.

பி.சி.ஓ.எஸ். பற்றி 2023-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி, அத்துடன் அடுத்தடுத்து வராத இரு நாள்களில் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது. நடையா, நீச்சலா, சைக்கிளா என்பது அவரவர் வசதி. நோய் உறுதியானதும் கொலஸ்ட்ரால், ஆண்டுதோறும் ரத்த அழுத்தம் என்று பரிசோதனைகளையும் அது வரிசைப்படுத்துகிறது.