பழந் தையல் மேசைக்கு மறுவாழ்வு

கண்டி மாநகரின் பழைய வீடுகள் சிலவற்றில், விறாந்தையின் மூலையிலோ சன்னலோரத்திலோ, வெளிச்சம் விழும் இடம் பார்த்து வைத்த தையல் மேசையொன்று இன்றும் நிற்கக் காணலாம். கீழே பூவேலை செய்த வார்ப்பிரும்புக் கால்கள், அவற்றிடையே மிதிபலகை, மேலே மெருகிட்ட மரப்பலகை, இரு மருங்கிலும் சிறிய இழுப்பறைகள். இவ்விழுப்பறையையே இலங்கைத் தமிழர் லாச்சி என்பர். ஒல்லாந்தர் இந்நாட்டில் விட்டுச் சென்ற சொற்களுள் அதுவும் ஒன்று.

பல்லாண்டு உழைத்த அம்மேசையின்மேல் இன்று பூச்சாடி வீற்றிருக்கலாம். மேற்பலகையில் நீர் பட்ட இடங்கள் வெளுத்திருக்கும். விளிம்பிலே மரத்தின் மேல்தோல் பிரிந்து நிற்கும். மழை தொடங்கிவிட்டால் லாச்சி திறவாது. இந்நிலையில் வீட்டார் மூன்று வழிகளை எண்ணுவர். விறகாக்கிவிடலாம், பழம்பொருள் வாங்குவோருக்கு விற்றுவிடலாம், அல்லது நன்றாக இழைத்து, புதிய வார்ணிசு பூசிப் புதுமேசை ஆக்கிவிடலாம். மூன்றாவது வழியே சிறந்ததெனத் தோன்றும். ஆனால், முதலிரு வழிகளுக்கும் தப்பிய மேசை உருக்குலைந்து போவது இம்மூன்றாவது வழியினாலேயே. அஃது எவ்வாறு என்பதை அறிய, மேசை எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஐசக் சிங்கர் என்பார் தம் தையல் இயந்திரத்துக்கு அமெரிக்காவிலே காப்புரிமை பெற்றது 1851ஆம் ஆண்டில். அவருடைய நிறுவனம் 1856இல் தவணைமுறை விற்பனையைத் தொடங்கியது. முழுவிலையையும் ஒருங்கே கொடுக்க இயலாத குடும்பங்களும் இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, தைத்து ஈட்டிய பணத்தைக் கொண்டே அதன் கடனைத் தீர்க்க இம்முறை வழிவகுத்தது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்தது 1867இல். சிங்கர் நிறுவனம் இலங்கையில் வாணிகம் தொடங்கியது 1877இல். வண்டி ஏறி மலைக்கு வந்த பொருள்களுள் தையல் இயந்திரமும் ஒன்றாயிற்று.

அந்நாளில் உலகுக்குத் தையல் இயந்திரம் வழங்கிய பெருந்தொழிற்சாலை ஸ்கொத்லாந்தில், கிளாஸ்கோ நகருக்கு அண்மையில் கிளைட்பாங்க் என்னும் ஊரில் இருந்தது. 1913ஆம் ஆண்டில் மட்டும் பதின்மூன்று இலட்சம் இயந்திரங்கள் வரை அங்கிருந்து அனுப்பப்பட்டன. அமெரிக்காவிலோ, சவுத் பெண்ட் என்னும் நகரில், மேசையும் பெட்டியும் செய்வதற்கென்றே 1868 முதல் ஒரு தனித் தொழிற்சாலை இயங்கி வந்தது. உங்கள் வீட்டு இயந்திரம் எங்குப் பிறந்தது என்பதை அதன் அடித்தட்டில் பொறித்த எண்ணே கூறிவிடும். எவ், ஜே, வை முதலிய ஆங்கில எழுத்துக்களால் தொடங்கும் சிங்கர் எண்கள் கிளைட்பாங்கைக் குறிப்பன.

இயந்திர நாகரிகத்தைக் கடுமையாகக் கண்டித்த காந்தியடிகளும் 1924ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஓர் உரையாடலில் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனிதரின் பயனுக்கென்று ஆக்கப்பட்ட மிகச் சில பொருள்களுள் அஃது ஒன்று என்பது அவர் கருத்து. கைம்பெண் ஒருத்தி தன் வீட்டுப் படியைத் தாண்டாமலே பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்க்கவும், பள்ளிச் சட்டை தைத்துக் கொடுக்கவும் துணைநின்ற கருவியை வேறு எவ்வாறு மதிப்பது? எனவே, இம்மேசையைப் பேணுவோர் ஒரு தளபாடத்தை மட்டும் பேணுபவர் அல்லர்.

கிளைட்பாங்க் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. இனி அம்மேசைக்கு உடைந்த பலகைக்கு மாற்றுப் பலகை கேட்டு எழுத அங்கு ஒருவரும் இல்லை. இயந்திரங்கள் பெருந்தொகையாகச் செய்து தள்ளிய ஒரு பொருளை இன்று காக்க வல்லது மனிதனின் கை ஒன்றே.

இனி, மேசையின் உடலமைப்பைக் காண்போம். மேற்பலகை முழுவதும் ஒரே நல்ல மரம் என்று பலர் எண்ணுவர். பெரும்பாலான மேசைகளில் அவ்வாறன்று. உள்ளே மலிவான மரம். அதன்மேல் ஓக்கு அல்லது வோல்நட்டு மரத்தின் மெல்லிய தகடு. தச்சர் இதனை வெனீர் என்பர். பழைய மேசைகளில் இதன் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். பலவிடங்களில் அதனினும் குறைவு. இத்தகட்டை ஒட்டியிருப்பது விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரம். அதன்மேல் மெருகு, பழைய மேசைகளில் அது பெரும்பாலும் அரக்கை மதுசாரத்தில் கரைத்துப் பூசியது.

வெனீர், வச்சிரம், அரக்கு என்னும் இம்மூன்றையும் நினைவிற் கொண்டால், செய்யத் தகாதது எதுவென்பது தெளிவாகும். சீவுளியோ மின்விசையால் இயங்கும் அரத்தாளோ ஒரு நிமிடத்தில் வெனீரைத் தின்று, உள்ளிருக்கும் மலிவு மரத்தை வெளிக்காட்டிவிடும். ஈரத்துணியால் ஓயாது துடைத்தால் வச்சிரம் இளகி, தகடு மேலெழும். இவற்றுள் சீவுளி செய்த கேட்டுக்கு மாற்றே இல்லை. ஒட்டியது பிரிந்தால் மீண்டும் ஒட்டலாம், இழைத்தது மீளாது.

கண்டியின் தட்பவெப்பத்தையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், குன்றுகள் சூழ, நடுவே குளத்துடன் அமைந்த நகர் இது. தென்மேற்குப் பருவக்காற்றும் மழை தரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களும் மழை தரும். ஈரக்காற்றில் மரம் ஊதும். உலர்ந்த காற்றில் சுருங்கும். மழைக்காலத்தில் இறுகிய லாச்சியை அப்போதே இழைத்துவிட்டால், வரட்சி வந்ததும் அது தளர்ந்து ஆடும். ஆதலின் தை முதல் மாசி வரையான உலர்ந்த நாள்களே இவ்வேலைக்கு உகந்த காலம். அப்போதும் இறுகும் லாச்சிக்கு, அதன் ஓரங்களில் மெழுகுதிரியைத் தேய்ப்பதே பெரும்பாலும் போதுமானது.

வேலையின் முதற்படி பார்வையிடுதல். லாச்சிகளை வெளியே எடுத்து, உள்ளிருப்பவற்றை வீசாது ஒரு பெட்டியில் இடுக. ஊசிகளும் நூற்கட்டைகளும் அன்றி, பழைய தவணைச் சீட்டோ அளவு எழுதிய கடதாசித் துண்டோ கிடைத்தால், அவை அக்குடும்பத்தின் ஆவணங்கள் ஆகும். பின்னர் மேசையைப் பல பக்கங்களிலிருந்தும் படம் பிடித்துக்கொள்க. கழற்றும் திருகாணிகளையும் பிணைச்சல்களையும் தனித்தனிச் சிறு உறைகளில் இட்டு, எவ்விடத்துக்குரியது என்று எழுதி வைக்க.

தைக்கும் பகுதியாகிய இயந்திரத்தின் தலையை, அதன் பின்புறத்துப் பிணைச்சல்களிலுள்ள இரண்டு திருகாணிகளைத் தளர்த்தித் தனியே எடுத்துவிடலாம். இவ்வெளிமையே சில மேசைகளுக்குத் தீங்காயிற்று. வீடு மாறுவோரும் நாடு மாறுவோரும் தலையை எடுத்துச் செல்லல் கூடும். கனத்த மேசையை எடுத்துச் செல்லல் அரிது. தலையிழந்த மேசை கைக்கு வந்தாலும் மனம் தளர வேண்டுவதில்லை. சிங்கரின் முழு அளவுத் தலைகள் பலவற்றின் அடித்தட்டு 14½ அங்குல நீளமும் 7 அங்குல அகலமும் கொண்டது. எனவே, அவ்வளவுடைய வேறொரு தலை அங்கே பொருந்தும்.

இரண்டாவது படி பூச்சியைத் தேடுதல். மேசையைக் கறுப்புக் கடதாசியின்மேல் சில நாள் நிறுத்துக. புதிதாக மாப்போன்ற தூள் விழுந்தால் மரத்துள் உளுவண்டு உயிரோடிருக்கின்றது. மரத்துக்கெனக் கடைகளில் விற்கும் பூச்சிமருந்தை ஊசிக்குழலால் துளைதோறும் செலுத்தி, மறுபடியும் தூள் விழாமையை உறுதிசெய்த பின்னரே பிற வேலைகளைத் தொடங்குதல் வேண்டும். மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவைத்தல் தகாது. எண்ணெய் ஏறிய மரத்தில் வச்சிரம் பற்றாது.

மூன்றாவது படி தூய்மை செய்தல். மென்துணியில் சிறிது கற்பூரத்தைலத்தை நனைத்துத் துடைத்தால் பல்லாண்டு மெழுகும் புகையும் நீங்கும். பல மேசைகளில் மங்கலுக்குக் காரணம் இவ்வழுக்கேயன்றி மெருகின் கேடன்று. அதன்பின் மெருகு எத்தகையது என்பதைச் சோதிக்கலாம். கண்ணுக்குப் படாத உட்பக்கத்தில் ஒரு துளி ஸ்பிரிட்டை இடுக. அவ்விடம் பிசுபிசுத்தால் அஃது அரக்கு. இயந்திரத் தலையின் மீதுள்ள பொன்னிறச் சித்திரங்களில் மட்டும் ஸ்பிரிட் ஒரு துளியும் படலாகாது, சித்திரம் அழிந்துவிடும். தலைக்குத் தையல் இயந்திர எண்ணெயே போதும்.

நான்காவது படி வெனீரை ஒட்டுதல். விரல் நகத்தால் மேற்பலகையைத் தட்டிக்கொண்டே செல்க. ஓசை பொள்ளென ஒலிக்கும் இடத்தில் தகடு பிரிந்திருக்கின்றது. அங்கே துணியை விரித்து, இளஞ்சூடான இஸ்திரிப்பெட்டியைச் சிறிது நேரம் வைத்தால் பழைய வச்சிரமே இளகி மீண்டும் பிடித்தல் உண்டு. பிடியாவிடின் புதிய வச்சிரத்தை மெல்லிய கத்தியால் உட்செலுத்தி, மெழுகுத்தாளை இடையிலிட்டு, ஒரு நாள் முழுவதும் பாரம் ஏற்றி வைக்க. தகடே இல்லாத இடத்துக்குப் புதிய துண்டு ஒட்டும்போது அதனைச் சதுரமாக வெட்டாது, மர இழையின் போக்கிலே இருமுனையும் கூரிய தோணி வடிவில் வெட்டினால் பொருத்து கண்ணை உறுத்தாது. ஓக்கு கிடையாவிடின் உள்நாட்டுப் பலாமரத்தின் மெல்லிய தகடும் உதவும். முதலில் மஞ்சளாய் இருக்கும் பலா, காலம் செல்லச் செல்லப் பழுப்பேறும்.

ஐந்தாவது படி மெருகிடுதல். இங்கே கண்டி நாட்டாருக்கு வியப்பூட்டும் ஓர் உறவு உண்டு. அரக்கு என்பது மரக்கிளைகளில் வாழும் ஒருவகைச் சிறு பூச்சி சுரக்கும் பிசின். கண்டிக்கு வடக்கே மாத்தளைப் பகுதியிலுள்ள ஹப்புவிட என்னும் ஊரின் கம்மியர், இதே அரக்கைச் சூட்டினால் இளக்கி, வண்ணமேற்றி, நூலாக இழுத்து, கட்டைவிரல் நகத்தால் மரத்தின்மேல் அழுத்தி அழகிய கோலம் செய்வதில் பெயர் பெற்றவர். ஆனந்த குமாரசுவாமி அவர்கள் 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இவ்வரக்கு வேலையையும் விரித்துரைத்தார். தொழிற்சாலைப் பொருள்களின் வருகையால் கைத்தொழில் அழிகின்றதே என்று வருந்தியவர் அவர். சிங்கர் நிறுவனம் இலங்கைக்கு வந்த அதே 1877ஆம் ஆண்டிலேதான் அவரும் கொழும்பிற் பிறந்தார்.

அரக்குச் செதிலை மதுசாரத்தில் ஊறவைத்து, வடிகட்டி, பஞ்சை உள்ளிட்ட துணிப்பொட்டணத்தால் மிக மெல்லிதாகப் பலமுறை பூசுக. பழைய அரக்கோடு புதிய அரக்கு இளகி ஒன்றாகும். ஆகவே பழைய மெருகை முற்றும் சுரண்ட வேண்டுவதில்லை. மழை பெய்யும் நாளில் பூசினால் காற்றின் ஈரம் பட்டு மெருகு வெளுத்துவிடும். வெயில் ஏறிய முற்பகலே நல்ல வேளை. மதுசாரம் எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் விளக்கோ அடுப்போ இருத்தல் கூடாது. நீர் பட்டு வெளுத்த வட்டங்களும், ஸ்பிரிட் சற்றே தோய்ந்த பொட்டணத்தால் மெல்லத் தடவினால் பெரும்பாலும் மறையும். வார்ப்பிரும்புக் கால்களைக் கம்பித் தூரிகையால் மெல்லத் துலக்கி எண்ணெய் இடுக. மிதிபலகையில் வார்த்துள்ள பெயரைத் தடித்த வண்ணம் பூசி மூடிவிடலாகாது. தோல்வார் இற்றுப்போயிருந்தால் புதிது மாட்டலாம். தேய்ந்தபின் மாற்றுவதற்கென்றே அஃது அமைந்தது.

இவ்வளவும் செய்தபின் இறுதியாக ஒரு கேள்வி எழும். மேசையின் முன்விளிம்பிலே, தைப்பவர் கை ஓயாது உராய்ந்த இடம் தேய்ந்து பளபளத்திருக்கும். கத்தரிக்கோல் கீறிய கோடுகளும், குண்டூசி குத்திய புள்ளிகளும் இருக்கும். அவற்றையும் நீக்கிவிடலாமா? நீக்குதல் எளிது, ஆயின், அவை மேசையின் நோய் அல்ல. உளுவண்டு நோய், பிரிந்த தகடு நோய், வெளுத்த மெருகு நோய். தேய்ந்த விளிம்போ, ஒரு தாய் ஆண்டுக்கணக்காய் அங்கே அமர்ந்து உழைத்தாள் என்பதற்கு எஞ்சியிருக்கும் சான்று. அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாதிருக்கலாம். அவள் கைபட்ட இடம் அம்மரத்தில் இருக்கின்றது.

கண்டிக்கு அண்மையிலுள்ள எம்பெக்கே தேவாலயத்தின் செதுக்குமரத் தூண்களைக் காணச் செல்வோர், அங்கே கூரையின் இருபத்தாறு கைமரங்களை ஒருங்கே பிணைத்து நிற்கும் ஒற்றை மரமுளையையும் கண்டு வியப்பர். அத்தூண்களைக் கண்டவர் எவரும் பழமை நீங்கும்படி அவற்றை இழைத்துவிடலாம் என்று எண்ணார். வீட்டு மூலையிலுள்ள தையல் மேசை அத்துணைப் பழமையோ அருமையோ உடையதன்று. எனினும், அதற்குரிய நீதியும் அதுவே. பழுதை மட்டும் நீக்குக. உழைப்பின் தடத்தை விட்டுவைக்க. பின்னர் தலையைப் பொருத்தி, வாரை மாட்டி, மிதியை மெல்ல அழுத்தினால், நெடுங்காலம் கேளாதிருந்த அந்தத் தடதட ஓசை வீட்டில் மீண்டும் எழும்.