வெயிலில் ஹைட்ரஜன்: எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது?

தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுக்கக் கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒவ்வொரு துகளிலும் அதைவிடக் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. ஆனால் தண்ணீர் அந்த ஒளியை உறிஞ்சுவதில்லை. ஒளியை வாங்கித் தர ஒரு மூலக்கூறும், ஹைட்ரஜனை உருவாக்க ஒரு வினையூக்கியும் வேண்டும். இந்த வழியை 1977-இல் பிரான்ஸின் ழான்-மரி லென்னும் ழான்-பியர் சொவாஜும் காட்டினார்கள்.

ஆய்வகத்தில் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி. உள்ளே ஆரஞ்சு நிற ருத்தேனியக் கரைசல், மிகச் சிறிதளவு கோபால்ட் சேர்மம், கூடவே வைட்டமின் சி. காற்றை வெளியேற்றி, நீல விளக்கொளியைப் பாய்ச்சுவார்கள். பிறகு ரப்பர் மூடியில் ஊசியைச் செருகி, சேர்ந்த வாயுவை எடுத்து அளப்பார்கள். ஹைட்ரஜன் இருக்கும்.

இத்தகைய ஆய்வுச் செய்திகளைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அந்த ஹைட்ரஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுத்தது தண்ணீர் அல்ல, வைட்டமின் சி. அது தீர்ந்தால் வினையும் நின்றுவிடும். எலக்ட்ரானையும் தண்ணீரே தர வேண்டுமானால், பக்கத்திலேயே ஆக்சிஜன் உண்டாகும். பெரும்பாலான ஹைட்ரஜன் வினையூக்கிகளுக்கு ஆக்சிஜன்தான் எமன். இயற்கையில் இதே வேலையைச் செய்யும் ஹைட்ரஜனேஸ் நொதிகளில் பலவும் காற்றுப் பட்டாலே செயலிழந்துவிடும்.

கொல்கத்தா ஜாதவ்பூரில் உள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் அபிஷேக் டேயின் குழு இந்தச் சிக்கலைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த நொதிகளைப் பின்பற்றி இரும்பு, கோபால்ட் மூலக்கூறுகளை உருவாக்கி, ஆக்சிஜன் இருக்கும்போதும் அவை தாக்குப்பிடிக்குமா என்று சோதிக்கிறார்கள். இதில் பெரும்பகுதி மின்சாரத்தால் நடத்தும் வினைகள். ஆனால் ஒளிக்கும் இதே தாக்குப்பிடிக்கும் வினையூக்கிதான் தேவை. வினை நடக்கும்போதே மூலக்கூறு எப்படி மாறுகிறது என்று பார்க்க அவர்கள் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று ராமன் நிறமாலையியல். சி.வி. ராமன் 1928-இல் அந்த விளைவைக் கண்டறிந்ததும் இதே கழகத்தில்தான்; அப்போது அது கொல்கத்தாவின் பௌபஜாரில் இருந்தது.

இந்தக் குப்பி தொழிற்சாலையாக மாற இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. ருத்தேனியம் அரிய உலோகம். மூலக்கூறுகளும் வெளிச்சத்திலேயே சிதைகின்றன. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்ற இந்தியாவின் இலக்கை எட்ட உதவப்போவது மின்சாரத்தால் தண்ணீரைப் பிளக்கும் மின்பகுப்பு எந்திரங்களே. அதற்காக அடிப்படை ஆய்வைச் சுருக்கிவிடக் கூடாது. இந்த இலக்குக்காக ஒன்றிய அரசு 2023 ஜனவரியில் அறிவித்த 19,744 கோடி ரூபாயில் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கியது 400 கோடி. அது போதாது.