பாசியிலும் ஒரு வேலை இருக்கு

போன எபிசோடில் ஏஐ வந்தபின் எந்த வேலை நிக்கும்னு பேசினோம். அதில் விட்டுப்போன ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

தாகேதாவில் எங்க வீட்டில் ஒரு ராத்திரி. கரன்ட் இல்லை, பேட்டரியில் லேப்டாப்பை ஓட்டிக்கொண்டு ஒரு டெட்லைனை முடித்துக்கொண்டிருந்தேன். பாட்டனி படித்த அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, எல்லாரும் கோடிங் படி, இல்லாட்டி வெளிநாடு போன்னு சொல்றாங்க. நான் படிச்சதுக்கு என்னதான் வேலை?"

சட்டென்று பதில் வரவில்லை. கடைசியில் பதில் எங்க அம்மாவின் மருந்து டப்பாவில் இருந்தது: ஸ்பைருலினா மாத்திரை.

சகாய்ங் பகுதியில், புடலின் பக்கம், ட்வின் தவுங் என்று ஓர் எரிமலை வாய் ஏரி. காரத் தண்ணீர். அதில் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி தானாகவே வளருது. 1988-ல் உற்பத்தி தொடங்கி, 1999-க்குள் ஆண்டுக்கு 100 டன் வரை போனது. படகில் போய் வாளியில் அள்ளுவார்கள்; வடிகட்டி, கழுவி, பிழிந்து, இடியாப்பம் மாதிரி இழையாக்கி வெயிலில் காயவைப்பார்கள். மாத்திரையானது நம்ம ரங்கூனில். இன்று சகாய்ங் இருக்கும் நிலை உங்களுக்கே தெரியும். அங்கே போய்ப் படி என்று பிள்ளையிடம் சொல்ல முடியாது.

ஏரிக்குப் போகாமலே கற்கலாம் என்பதற்குத் தமிழ்நாடு சாட்சி. இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னையில்தான் பாடம் எடுத்தார். அவர் வழியில் டி.வி. தேசிகாச்சாரி எழுதிய நூல் 1959-ல் வந்தது. பிறகு சென்னையில் முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரியின் குழு, கிராமத்துப் பெண்களே ஸ்பைருலினா வளர்க்கும் முறையை உருவாக்கியது. சின்னத் தொட்டி, சமையல் சோடா, கையால் கலக்கிவிடுதல், துணியில் வடிகட்டுதல். மோட்டார் கட்டாயமில்லை. கரன்ட் போகும் ஊருக்கு இது சின்ன விஷயமா?

ஆனால் "ஈஸி பிசினஸ்" வீடியோக்களை நம்பாதீங்க. தண்ணீரின் காரத்தன்மை பிஎச் 9-க்கு மேலே இருக்கணும். அதுதான் மற்ற உயிர்களைத் தள்ளி வைக்கும் வேலி. அது இறங்கினால் வேறு பாசி புகும். சில நீலப்பச்சைப் பாசிகள் கல்லீரலைக் கெடுக்கும் விஷம் உண்டாக்கும். அதனால் மைக்ரோஸ்கோப்பில் சுருள் இழையைப் பார்த்து, இது நம்ம பாசி, இது அந்நியன் என்று சொல்லத் தெரிந்த ஆள் வேணும். சென்சார் பிஎச் சொல்லும், நான் அதுக்கு டேஷ்போர்டும் எழுதுவேன். உள்ளே புகுந்தது யார் என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது. அக்கா மகளுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் இதற்கென்றே சமூகக் கல்லூரிகளில் பாசித் தொழில்நுட்பப் பாடத்திட்டம் இருக்கு. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பாசி அறிமுகப் பாடம் கோர்செராவில் வந்திருக்கு. டியூஷன் எடுக்கும் அக்கா, அண்ணன்மாரே, ஒரு கண்ணாடிப் பாட்டில், பிஎச் தாள், பழைய மைக்ரோஸ்கோப் இருந்தால் உங்க வகுப்பிலும் தொடங்கலாம்.

எங்க வீட்டு மாடியில் இப்போ ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிக்குது. சாப்பிட இல்லை, படிக்க மட்டும். காலையில் அவள் அளந்து சொல்கிறாள், நான் ஷீட்டில் பதிகிறேன். இந்த வேலையில் நான்தான் அவளுக்கு ஜூனியர்.