தயங்கத் தெரிந்த ஓட்டுநர்கள்

கணினிக்குள் ஒரு நகரத்தை உருவாக்குவதில் கட்டடங்களும் மரங்களும் எளிதான வேலை. அந்தத் தெருக்களில் ஓட்டுபவர்களும் நடப்பவர்களும் மனிதர்களாகத் தெரிய வேண்டும், கடினம் அங்கேதான்.

1992இல் கை நேகல், மைக்கேல் ஷ்ரெக்கன்பெர்க் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் சாலையை 7.5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தார்கள். நெரிசலில் ஒரு கார் பிடிக்கும் இடம் அவ்வளவு. ஒவ்வொரு காருக்கும் சில விதிகளே: முடிந்தால் வேகத்தைக் கூட்டு, முன்னால் வண்டி நெருங்கினால் குறை, அவ்வப்போது காரணமே இல்லாமலும் கொஞ்சம் குறை. இந்தக் கடைசி விதியில்தான் உயிர் இருக்கிறது என்பேன். அதை நீக்கினால், சாலையில் போதிய இடம் இருக்கும்வரை கார்கள் தடையில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். சேர்த்தால், விபத்தோ சிக்னலோ இல்லாத இடத்தில் நெரிசல் முளைக்கிறது. ஒருவர் நொடிநேரம் தயங்க, பின்னால் வருபவர் இன்னும் அழுத்தி பிரேக் போட, அவருக்கும் பின்னால் யாரோ நின்றே விடுகிறார்.

ஜப்பானில் யூகி சுகியாமாவின் குழு இதை நிஜக் கார்களை வைத்துச் சோதித்தது. 230 மீட்டர் வட்டப் பாதை, 22 கார்கள், சீராக ஓட்டுமாறு ஒரே கட்டளை. சற்று நேரத்தில் நெரிசல் தானாகப் பிறந்து, கார்கள் போகும் திசைக்கு எதிராக மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. 2008இல் முடிவுகள் வெளியாயின. அதன் காணொளியை அவசியம் பாருங்கள். யார் மீதும் பழி போட முடியாத நெரிசல் அது.

நடப்பவர்களின் கதை வேறு. 1995இல் டிர்க் ஹெல்பிங்கும் பேட்டர் மோல்னாரும் அவர்களைத் துகள்களாகக் கணக்கிட்டார்கள்: போகுமிடம் இழுக்கும், பிற ஆட்களும் சுவர்களும் தள்ளும். எதிரெதிரே வந்த கூட்டங்கள், யாரும் சொல்லாமலே, வரிசை வரிசையாகப் பிரிந்தன. ஆனாலும் ஒரு குறை: தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. தோளோடு தோளாக உடன் நடப்பவரிடமிருந்து நாம் விலகுவதில்லை. தொலைவில் நேரெதிரே வருபவருக்கோ முன்கூட்டியே ஒதுங்குகிறோம். நிஜக் கூட்டங்களின் பதிவுகளை அலசிய மின்னசோட்டா பல்கலைக்கழகக் குழு 2014இல் விடை சொன்னது: மோதலுக்கு இன்னும் எத்தனை நொடி என்பதைத்தான் மனம் கணக்கிடுகிறது.

இடம் மாறினால் எண்களும் மாறும். ஜெர்மானியர்களையும் இந்தியர்களையும் ஒரே மாதிரிப் பாதையில் வரிசையாக நடக்கவிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வில், இந்தியர்களுக்குக் குறைந்த இடைவெளியே போதுமாக இருந்தது. நம் சாலைகளில் ஆட்டோவும் பைக்கும் பேருந்தும் கிடைத்த சந்தில் நுழைகின்றன. கட்டங்கள் அங்கே செல்லாது. அதனால் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் தடப் பிரிவையே விட்டுவிட்டு, சாலையின் முழு அகலத்தையும் ஒரே பரப்பாக வைத்து மாதிரி அமைத்தார்கள்.