கட்டாத கப்பலுக்குக் கட்டிய பணம்!

கொருக்குப்பேட்டையில் தீபாவளிச் சீட்டு என்றால் தெரியாதவர்கள் கிடையாது.

மாதா மாதம் ஒரு தொகை. அதைத் தவறாமல் கட்டி வந்தால், தீபாவளிக்கு முன்னால் பட்டாசு, பலகாரம், ஓர் எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் வீடு வந்து சேரும். கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பிடிப்பவர் அடுத்த தெருக்காரர். அவர்மேல் உள்ள நம்பிக்கைதான் ரசீது!

சில வருஷம் தீபாவளி வரும். சீட்டுப் பிடித்தவர் வரமாட்டார். வீடு பூட்டிக் கிடக்கும். அப்புறம் போலீஸ் நிலைய வாசலில் கூட்டம் நிற்கும்.

இப்போது ஒரு கேள்வி. தீபாவளி எந்த வருஷம் வரும் என்று தெரியாமலே ஒரு சீட்டு நடந்தால், அதில் யாராவது பணம் கட்டுவார்களா?

கட்டுகிறார்கள்! ஒருவர், இருவர் அல்ல. உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் கட்டுகிறார்கள். 2012-ம் ஆண்டில் தொடங்கிய சீட்டு அது. பலகாரத்துக்காக அல்ல, ஆகாயத்தில் பறக்கும் கப்பலுக்காக. அந்தக் கப்பலும் நிஜக் கப்பல் அல்ல. கம்ப்யூட்டர் திரையில் மட்டும் பறக்கும் கப்பல்!

அந்த விளையாட்டின் பெயர், "ஸ்டார் சிட்டிசன்." நட்சத்திர மண்டலத்தின் குடிமகன் என்று பொருள் கொள்ளலாம்.

யார் இந்த ராபர்ட்ஸ்?

சீட்டைத் தொடங்கியவர் கிறிஸ் ராபர்ட்ஸ். சாமானியர் அல்ல. 1990-ம் ஆண்டில் "விங் கமாண்டர்" என்ற விண்வெளிப் போர் விளையாட்டை உருவாக்கிப் புகழ் பெற்றவர். அந்த நாளில் அதை ஆடிய சிறுவர்கள் இன்று நடுத்தர வயதுக்காரர்கள். அந்தப் பெயர் காதில் விழுந்தாலே அவர்களுக்குப் பழைய நாள் திரும்பிவிடும்.

2012 அக்டோபரில் அவர் ஓர் அறிவிப்புச் செய்தார். "பெரிய கம்பெனிகளிடம் கையேந்தப் போவதில்லை. ஆடப்போகும் நீங்களே பணம் கொடுங்கள். யாரும் செய்யாத விளையாட்டைச் செய்து தருகிறேன்" என்பதுதான் அதன் சாரம்.

ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் 62 லட்சம் டாலர் குவிந்தது! 2014 நவம்பரில் விளையாட்டு வந்துவிடும் என்றார்கள்.

2014 வந்தது, போனது. விளையாட்டு முடியவில்லை. ஆனால் பணம் வருவது நிற்கவில்லை! 2015-ம் ஆண்டு முடிவதற்குள் 10 கோடி டாலர். 2022-ம் ஆண்டில் 50 கோடி. 2024-ம் ஆண்டில் 70 கோடி டாலரையும் தாண்டிவிட்டது. நம் பணத்தில் சுமார் 6 ஆயிரம் கோடி ரூபாய்.

கப்பல் கடை

இவ்வளவு பணம் எப்படி வருகிறது? கப்பல் விற்று வருகிறது.

விளையாட்டுக்குள் நுழையக் குறைந்தது சுமார் 45 டாலர் வேண்டும். ஒரு சிறிய கப்பலும் அதோடு சேர்த்துக் கிடைக்கும். பெரிய கப்பல் வேண்டுமா? நூறு டாலர், இருநூறு டாலர், ஆயிரம் டாலர் என்று விலை ஏறும். சரக்குக் கப்பல் உண்டு. போர்க் கப்பல் உண்டு. சுரங்கம் தோண்டும் கப்பலும் உண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், பல கப்பல்கள் படம் வரைந்த நிலையிலேயே விற்பனைக்கு வந்துவிடுகின்றன. வாங்கியவர் உடனே அதில் ஏறிப் பறக்க முடியாது. அது தயாராகும்வரை வேறொரு கப்பலை இரவல் கொடுப்பார்கள். இரவல் கப்பலிலேயே வருஷக் கணக்கில் பறந்தவர்கள் உண்டு.

2018-ம் ஆண்டில், நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்களை ஒரே கட்டாகக் கட்டி 27 ஆயிரம் டாலர் விலை வைத்தார்கள். அன்றைய மதிப்பில் 18 லட்சம் ரூபாய்! அந்த விற்பனைப் பக்கத்தைப் பார்ப்பதற்கே, முன்பு ஆயிரம் டாலர் செலவழித்தவராக இருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. கப்பலைப் பணம் கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்பதில்லை. உள்ளே சரக்கு ஏற்றி இறக்கி, உழைத்து, விளையாட்டுக் காசு சேர்த்தும் வாங்கலாம். பொறுமை உள்ளவர்கள் அப்படியும் வாங்குகிறார்கள்.

நம்பிக்கைக்காரர் சொல்வது

"நாங்கள் ஏமாளிகள் அல்ல" என்கிறார்கள் பணம் கட்டியவர்களில் ஒரு சாரார். அவர்கள் பக்கமும் விஷயம் இருக்கிறது.

விளையாட்டு முடியவில்லையே தவிர, கண்ணில் காட்டாமல் இல்லை. 2013-ம் ஆண்டில் கப்பல் நிற்கும் கொட்டகையைத் திறந்துவிட்டார்கள். 2014-ம் ஆண்டில் வானத்தில் சண்டை போட முடிந்தது. 2017 டிசம்பரில் கிரகத்தின் துணைக்கோள்களிலேயே இறங்கி நடக்க முடிந்தது.

ஓட்டுநர் ஆசனத்திலிருந்து எழுந்து, கப்பலுக்குள் நடந்து, கதவைத் திறந்து தரையில் காலை வைக்கலாம். நடுவில் திரை இருண்டு, "கொஞ்சம் பொறுங்கள்" என்று எழுத்து வராது. இந்த அளவில் வேறு யார் செய்தார்கள் என்று கேட்கிறார்கள்.

இன்னொரு பெரிய வேலையும் நடந்திருக்கிறது. கொருக்குப்பேட்டைவாசிகளுக்கு அதைச் சுலபமாக விளக்கலாம்.

பேசின் பிரிட்ஜிலிருந்து ஒரு ரெயில் புறப்படுகிறது. ஓர் எல்லைவரை அது அந்த நிலையத்தாரின் பொறுப்பு. எல்லை தாண்டியதும் கொருக்குப்பேட்டை நிலையத்தாரின் பொறுப்பு. உள்ளே உட்கார்ந்திருக்கும் பயணிக்கு இந்தக் கைமாற்றம் தெரியவே தெரியாது.

இந்த விளையாட்டில் முன்பெல்லாம் ஒரே நிலைய அதிகாரி எல்லா ரெயிலையும் பார்த்துக்கொண்டதுபோல, ஒரே பெரிய கம்ப்யூட்டர் முழு உலகத்தையும் தாங்கியது. நூறு பேர் கூடினாலே திணறிவிடும். 2024 டிசம்பர் பதிப்பில், பல கம்ப்யூட்டர்கள் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. ஆடுகிறவர் ஒன்றிலிருந்து இன்னொன்றின் பொறுப்புக்கு மாறுவது அவருக்கே தெரியாது. சுமார் 500 பேர் ஒரே உலகத்தில் உலவ வழி பிறந்தது.

"இதற்குத்தான் காத்திருந்தோம்" என்று அன்று மகிழ்ந்தவர்கள் பலர்.

சந்தேகக்காரர் சொல்வது

சந்தேகப்படுகிறவர்களும் பணம் கட்டியவர்கள்தான். அதனால்தான் அவர்கள் பேச்சில் சூடு அதிகம்.

"நூறு நட்சத்திர மண்டலம் தருவதாகச் சொன்னார்கள். 2024-ம் ஆண்டு முடிவில் எத்தனை இருந்தன? இரண்டு!" என்கிறார்கள். மின்தூக்கி வராமல் நின்றுவிடுவதும், தரை வழியே ஆள் விழுந்து சாவதும் அவர்கள் நாள்தோறும் கண்ட காட்சி. மணிக்கணக்கில் சேர்த்த சரக்கு, ஒரு கோளாறில் மாயமாய்ப் போய்விடும்.

தனி ஆளாக ஆடும் "ஸ்குவாட்ரன் 42" என்ற கதைப் பகுதியும் இதே சீட்டில் சேர்ந்தது. மார்க் ஹாமில், கேரி ஓல்ட்மேன் போன்ற பெரிய நடிகர்கள் நடித்திருக்கிறார்கள். பலமுறை தள்ளிப்போன அது, 2026-ல் வரும் என்று 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது.

பழைய கதை ஒன்றையும் நினைவூட்டுகிறார்கள். ராபர்ட்ஸ் இதற்குமுன் தொடங்கிய "ஃப்ரீலான்சர்" விளையாட்டும் காலம் கடந்து இழுத்தது. அவர் விலகிய பிறகு மற்றவர்கள் சுருக்கி முடித்து, 2003-ம் ஆண்டில்தான் வெளிவந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அமெரிக்காவில் ஒருவர் வழக்கே போட்டார். 4,500 டாலர். 2018-ம் ஆண்டில் அவர் தோற்றார். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் மத்தியஸ்தத்துக்குத்தான் போகவேண்டும் என்று, அவர் ஒப்புக்கொண்ட விதிமுறையிலேயே எழுதியிருந்தது!

அதே காலத்தில் இன்னொருவர்

இப்படிப் பணம் திரட்டினாலே இழுத்துக்கொண்டுதான் போகுமா? இல்லை.

அதே 2012 நவம்பரில் இங்கிலாந்தின் டேவிட் பிராபென் "எலைட் டேஞ்சரஸ்" என்ற விண்வெளி விளையாட்டுக்காகப் பொதுமக்களிடம் பணம் கேட்டார். 15 லட்சம் பவுனுக்கு மேல் கிடைத்தது. 2014 டிசம்பரில் விளையாட்டை வெளியிட்டுவிட்டார். அதிலும் குறை இருந்தது. கிரகத்தில் இறங்குவது பிறகுதான் வந்தது. ஆனால் முதலில் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பின்னால் சேர்த்தார்.

நம் நாட்டிலும் ஜனங்களின் பணத்தில் கப்பல் விட்ட சரித்திரம் இருக்கிறது. அது நிஜக் கப்பல்!

1906-ம் ஆண்டில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்குகள். ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்தார். அடுத்த வருஷமே "காலியா", "லாவோ" என்ற இரண்டு கப்பல்கள் வந்துவிட்டன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின.

வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. 1908-ல் சிதம்பரம் பிள்ளை சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனி கலைந்தது. பணம் போட்டவர்களுக்கு நஷ்டம்தான். ஆனாலும் 25 ரூபாய் போட்டவன் கம்பெனியில் ஒரு பங்காளி. கணக்குக் கேட்கும் உரிமை அவனுக்கு இருந்தது.

விலையா? நன்கொடையா?

முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

"ஸ்டார் சிட்டிசன்" விளையாட்டுக்குக் கொடுக்கும் பணம் என்ன பணம்? விலை என்றால், பொருள் என்றைக்குக் கைக்கு வரும் என்று சொல்ல வேண்டும். பங்கு என்றால், லாபத்தில் பாத்தியதை வேண்டும். நன்கொடை என்றால், கப்பலுக்கு விலைச்சீட்டு தொங்கவிடக் கூடாது. மூன்றும் கலந்தது போல் இருக்கிறது, மூன்றும் இல்லை!

2018 டிசம்பரில் ஒரு செல்வந்தக் குடும்பம் 4 கோடியே 60 லட்சம் டாலர் போட்டது. அவர்களுக்குக் கம்பெனியில் சுமார் பத்தில் ஒரு பங்கு கிடைத்தது. அதைவிடப் பல மடங்கு கொட்டிக் கொடுத்த ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தது திரையில் ஒரு கப்பல்.

நம் ஊர்ச் சீட்டுக்குக்கூட 1982-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்த சீட்டில் எத்தனை மாதம், எவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதவேண்டும். பிடிப்பவர் ஜாமீன் கட்டவேண்டும்.

நமக்கு என்ன?

"அமெரிக்கக்காரன் விளையாட்டு, நமக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம்.

அதை ஆடுவதற்கான கம்ப்யூட்டர் நம் பக்கத்து வீடுகளில் குறைவுதான். ஆனால் கையில் போன் இருக்கிறது. போன் விளையாட்டிலும் இல்லாத துப்பாக்கிக்கும், போடாத சட்டைக்கும் நம் பிள்ளைகள் நிஜப் பணம் கொடுக்கிறார்கள். அம்மாவின் போனிலிருந்து காசு போய்விடுகிறது. இன்று பத்து ரூபாய் கொடுத்துப் பழகுகிறவன், நாளை சம்பாதிக்கும்போது கப்பல் கடைக்குப் போகமாட்டான் என்பது என்ன நிச்சயம்?

ஆசைப்படுவது குற்றம் அல்ல. வானத்தில் பறக்க ஆசைப்படாத பிள்ளை உண்டா? அந்த ஆசையை நம்பித்தான் ராபர்ட்ஸ் கேட்டார். அந்த ஆசையால்தான் கொடுத்தார்கள். கேட்டவர் சோம்பி உட்காரவில்லை என்பதும் தெரிகிறது. ஆனால் ஆசை பெரியதாக இருக்க இருக்க, தேதி சொல்லும் கடமையும் பெரியதாகிறது.

கொருக்குப்பேட்டை ரெயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இது புரியும். கேட் மூடியிருந்தால் முணுமுணுப்போம், நிற்போம். ரெயில் வருகிற சத்தம் கேட்கிறது, அதனால் நிற்கிறோம். சத்தமும் இல்லாமல், சிவப்பு விளக்கும் மாறாமல் இருந்தால், எவ்வளவு நேரம்தான் நிற்பது?

கப்பல் வரட்டும். வந்தால் நாமும் சந்தோஷப்படுவோம். அதுவரை பணம் கட்ட நினைக்கிறவர்களுக்கு, தீபாவளிச் சீட்டுக் கட்டும் நம் வீட்டுப் பெண்கள் அனுபவத்தில் கற்ற பாடம் ஒன்றே போதும்: சீட்டுப் பிடித்தவர் வராமல் போனாலும், தீபாவளி அன்று வீட்டில் அடுப்பு எரியவேண்டும். அந்த அளவுக்கு மேல் கட்டாதீர்கள்!