பள்ளிவழிக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் (இந்தியா)

பள்ளிவழிக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் என்பது, மனித பாப்பிலோமா வைரசுக்கு எதிரான தடுப்பூசியைப் பள்ளிச் சிறுமிகளுக்கு அவர்கள் பயிலும் பள்ளியிலேயே அளித்து, பிற்காலத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் தோன்றாமல் தடுக்கும் பொதுநலத் திட்டம் ஆகும். பேச்சு வழக்கில் இந்நோய் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எனப்படுகின்றது. 2022 ஆம் ஆண்டுக்கான பன்னாட்டுக் கணிப்பின்படி இந்தியாவில் அவ்வாண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80,000 பெண்கள் இதனால் இறந்தனர். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இது உள்ளது.

நோய்க் காரணி

கருப்பையின் கீழ்ப்பகுதி யோனியுடன் சேருமிடம் கருப்பைவாய் ஆகும். இங்கு தோன்றும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மனித பாப்பிலோமா வைரசின் நீடித்த தொற்றே காரணம். இந்த வைரசில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றுள் 16, 18 என எண்ணிடப்பட்ட இரு வகைகள் மட்டுமே ஏறத்தாழ 70 விழுக்காட்டுக் கருப்பைவாய்ப் புற்றுநோய்களுக்குப் பொறுப்பாகின்றன. செருமானிய அறிவியலாளர் அரால்டு சூர் ஃகௌசன் 1983, 1984 ஆம் ஆண்டுகளில் இவ்விரு வகைகளையும் புற்றுநோய்த் திசுக்களில் கண்டறிந்தார். இதற்காக 2008 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பாதி அவருக்கு வழங்கப்பட்டது.

பாலுறவின் மூலம் பரவும் இத்தொற்று பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கிவிடும். நீங்காதவர்களிடம், வைரசு உருவாக்கும் ஈ6, ஈ7 என்னும் இரு புரதங்கள் உயிரணுப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் உடலின் புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. தொற்றிலிருந்து புற்றுநோய் வரை செல்லப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும்.

தடுப்பூசி செயற்படும் முறை

வைரசின் வெளியுறை முதன்மையாக எல்1 என்னும் புரதத்தின் 360 படிகளால் ஆனது. இப்புரதத்தைத் தனியே உருவாக்கினால், அது தானாகவே ஒன்றுகூடி வைரசைப் போன்ற வெற்றுக் கூடாக அமைகின்றது. 1991 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்சுலாந்து பல்கலைக்கழகத்தில் இயன் பிரேசர், சியான் சௌ ஆகியோர் வைரசைப் போன்ற கூடுகளை உருவாக்கிக் காட்டினர். கூட்டினுள் வைரசின் மரபுப்பொருள் இல்லாததால் இதனால் தொற்று ஏற்பட இயலாது. "ஊசியால் நோய் வந்துவிடுமோ" என்னும் அச்சத்திற்கு இடமில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இத்தடுப்பூசி, வரவிருக்கும் தொற்றைத் தடுக்குமேயன்றி ஏற்கெனவே உள்ள தொற்றை நீக்காது. எனவே வைரசை எதிர்கொள்ளும் வாய்ப்பு வருவதற்கு முன்னரே, 9 முதல் 14 வயதிற்குள் போடப்படுகின்றது. இவ்வயதில் எதிர்ப்பொருள்களும் கூடுதலாக உருவாகின்றன. இவ்வயதுச் சிறுமிகள் ஓரிடத்தில் கூடும் இடம் பள்ளியே. அந்த வயதில் பெரிய நோயேதும் இல்லாததால் அவர்கள் மருத்துவமனைக்குச் செல்லும் தேவையும் அரிது.

முதல் தடுப்பூசியான கார்டசில் 2006 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2007 இல் ஆஸ்திரேலியா பள்ளிகளில் இதனை வழங்கத் தொடங்கியது. இலங்கை 2017 ஆம் ஆண்டு முதல் ஆறாம் தர மாணவிகளுக்கு அளித்தது.

கம்மம், வதோதரா நிகழ்வுகள்

இந்தியாவில் பள்ளிவழித் தடுப்பூசியின் தொடக்கம் நல்லதாக அமையவில்லை. 2009 ஆம் ஆண்டில் பாத் என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடனும் மாநில அரசுகளுடனும் இணைந்து, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி அளிக்கும் செயல்விளக்கத் திட்டத்தை நடத்தியது. சுமார் 24,000 சிறுமிகள் இதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பலர் பழங்குடிகள். கம்மத்தில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள்.

இவர்களில் ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளியானதும், 2010 ஏப்ரலில் இந்திய அரசு திட்டத்தை நிறுத்தியது. விசாரணைக் குழு இம்மரணங்களுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு காணவில்லை. நீரில் மூழ்குதல், பாம்புக்கடி, பூச்சிக்கொல்லி அருந்துதல், மலேரியா ஆகியன அவற்றின் காரணங்களுள் அடங்கும். ஆனால் ஒப்புதல் பெற்ற முறையில் கடும் குறைகள் வெளிப்பட்டன. ஆந்திரத்தில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்தனர். 1,948 படிவங்களில் கைநாட்டு மட்டுமே இருந்தது. 2013 ஆகத்தில் நாடாளுமன்ற நிலைக்குழு இத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி பாதுகாப்பானதா என்பதும், பெற்றோரைக் கேட்டுப் போட்டார்களா என்பதும் வெவ்வேறு கேள்விகள். பொது விவாதத்தில் இரண்டும் ஒன்றாகக் குழப்பப்பட்டதால், தேசியத் திட்டம் பல ஆண்டுகள் பின்தள்ளப்பட்டது எனலாம்.

அம்பிளிக்கையும் ஒற்றைத் தவணையும்

அதே 2009 ஆம் ஆண்டில், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தியாவின் ஒன்பது மையங்களில் வேறொரு ஆய்வைத் தொடங்கியிருந்தது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையிலுள்ள கிறித்தவத் தொண்டு மருத்துவ நிலையம் அவற்றுள் ஒன்று. மூன்று தவணைகளுக்குப் பதிலாக இரண்டு தவணைகள் போதுமா என்பதே ஆய்வின் கேள்வி. 10 முதல் 18 வயதுடைய 20,000 பெண்களைச் சேர்க்கத் திட்டமிடப்பட்டிருந்தது. 2010 ஆம் ஆண்டின் தடையால் இங்கும் ஊசி போடுவது பாதியில் நின்றது. அதுவரை சேர்ந்திருந்த 17,729 பேரில் 4,949 பேர் ஒரே தவணையோடு நின்றுவிட்டனர்.

ஆய்வாளர்கள் இவர்களைக் கைவிடாமல் தொடர்ந்து கவனித்து வந்தனர். பத்தாண்டுப் பதிவுகள் 2021 இல் வெளியாயின. 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு ஒரு தவணை பெற்றவர்களிடம் 95.4 விழுக்காடாகவும், மூன்று தவணை பெற்றவர்களிடம் 93.3 விழுக்காடாகவும் இருந்தது. அதாவது வேறுபாடு இல்லை. திட்டமிட்டு இத்தகைய ஆய்வை அன்று யாரும் வடிவமைத்திருக்க மாட்டார்கள். இதுவும் கென்யாவில் நடந்த ஆய்வும் முதன்மைச் சான்றுகளாக அமைய, 2022 இல் உலக சுகாதார அமைப்பு 9 முதல் 20 வயது வரையுள்ள பெண்களுக்கு ஒற்றைத் தவணையையும் ஏற்றுக்கொண்டது. பள்ளித் திட்டங்களுக்கு இது பெரும் எளிமையைத் தந்தது. செலவு பாதியானது, ஆறு மாதம் கழித்து அதே மாணவியைத் தேடிப்பிடிக்க வேண்டிய தேவையும் நீங்கியது.

பிற்கால முயற்சிகள்

2016 இல் பஞ்சாப் அரசு பட்டிண்டா, மான்சா மாவட்டங்களில் பள்ளிவழித் தடுப்பூசியை மீண்டும் தொடங்கியது. 2018 இல் சிக்கிம் மாநிலம் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுள் 95 விழுக்காட்டிற்கும் அதிகமானோருக்கு அளித்தது. ஆசிரியர்கள், பெற்றோர், ஊடகத்தார் ஆகியோரிடம் முன்கூட்டியே பேசியது அங்கு உதவியது. 2022 சூலையில் சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் ஒப்புதல் பெற்றது. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிரான இத்தடுப்பூசி, 2023 இல் தனியார் சந்தைக்கு வந்தபோது ஒரு தவணை சுமார் 2,000 ரூபாய்க்கு விற்கப்பட்டது.

தமிழ்நாட்டில் 2025 மார்ச்சு 14 அன்று அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த வரவுசெலவுத் திட்டத்தில், 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக இத்தடுப்பூசி அளிக்க 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு வட்டத்திலுள்ள கூமாப்பட்டி போன்ற மலையடிவார வேளாண் ஊர்களில் இதன் பொருள் தெளிவானது. தனியார் மருத்துவமனையில் போடுவதென்றால் ஊசியின் விலையோடு, திருவில்லிபுத்தூருக்கோ இராசபாளையத்துக்கோ சென்றுவரும் ஒரு நாள் கூலியும் போய்விடும். பள்ளியில் போட்டால் இரண்டும் மிச்சம். எனினும் 14 வயதில் சிறுமிகள் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பில் இருப்பர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள் பள்ளிப் பட்டியலில் இரார். அவர்களைக் கிராம சுகாதாரச் செவிலியரே வீடுதேடிக் கண்டறிய வேண்டும்.

பள்ளியில் நடைமுறை

பெற்றோரின் எழுத்து மூல ஒப்புதல் முதலில் பெறப்படும். தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியசில் குளிர்பெட்டியில் கொண்டுவரப்படும். மேற்கைத் தசையில் 0.5 மில்லிலீட்டர் செலுத்தப்படும். ஊசியிட்ட இடத்தில் வலி, வீக்கம், சிறு காய்ச்சல் ஆகியன வரலாம். பதின்ம வயதினரிடம் மயக்கம் அடிக்கடி காணப்படுவதால், மாணவிகளை அமரவைத்தே ஊசி போட்டு, பின்னர் சிறிது நேரம் கண்காணிப்பர். ஒருத்தி மயங்கினால் வரிசையில் நிற்கும் மற்றவர்களும் மயங்குவதுண்டு. இது அச்சத்தால் விளைவது, மருந்தால் அன்று. ஆயினும் அரைமணி நேரத்தில் வதந்தியாகிவிடக் கூடியது. 2017 இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது வாட்சப் வதந்திகளால் பல பெற்றோர் தயங்கியது இங்கு நினைவுகூரத்தக்கது. சப்பானில் 2013 இல் பக்கவிளைவுச் செய்திகளையடுத்து அரசு தன் பரிந்துரையை நிறுத்தியதால், 70 விழுக்காட்டளவில் இருந்த தடுப்பூசி பெறுவோர் விகிதம் 1 விழுக்காட்டிற்கும் கீழே சென்றது. 2022 இல்தான் பரிந்துரை மீண்டது.

பரிசோதனையின் தேவை

தடுப்பூசி எல்லா வைரசு வகைகளையும் தடுப்பதில்லை என்பதால், அதனைப் பெற்றவர்களும் 30 வயதிற்குப் பின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தாய்மார்களின் தலைமுறைக்கோ பரிசோதனையே வழி. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவி வெண்ணிற மாற்றத்தைப் பார்த்துச் சோதித்தனர். இந்த எளிய முறையால் அப்பகுதியில் இந்நோயால் நேர்ந்த இறப்புகள் 35 விழுக்காடு குறைந்தன என 2007 இல் வெளியான முடிவுகள் காட்டின.