மசக்கை தீர்ந்த பின்னரும் கவனம் வேண்டும்

கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் வாந்தியும் தலைச்சுற்றலும் தாயை வாட்டுகின்றன. சோற்றின் மணமே பிடிப்பதில்லை. விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் செல்வதே பெரும்பாடாகிறது. நான்காம் மாதம் பிறந்ததும் இத்தொல்லைகள் பெரும்பாலோர்க்கு மெல்ல விலகுகின்றன. பசி எடுக்கிறது, உறக்கம் வருகிறது, முகத்தில் தெளிவு உண்டாகிறது. "இனிப் பயமில்லை, பிரசவ நேரத்தில் பார்த்துக் கொள்ளலாம்" என்று எண்ணி, தாய்மார்கள் சிலர் மருந்தகத்திற்குச் செல்வதைத் தள்ளிப் போடுவது இந்தச் சமயத்தில்தான். ஒரு நாள் மருந்தகம் சென்றால் ஒரு நாள் சம்பளம் போகுமே என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம்.

அக்கவலையை நாம் அறிவோம். ஆயினும், இரத்தச் சோகை, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகிய மூன்றும் வலி ஏதுமின்றித் தொடங்குபவை. தாய் நலமாக இருப்பதாகவே உணர்வாள். சோதித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆகவே, நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை என்ன எதிர்பார்க்கலாம், என்ன செய்ய வேண்டும் என்பதை இங்குக் காண்போம்.

குழந்தையின் வளர்ச்சி

ஐந்தாம் மாத அளவில், அதாவது 20-ஆவது வாரத்தில், கருப்பையின் மேல்விளிம்பு தாயின் தொப்புள் வரை உயர்ந்து விடுகிறது. அப்போது குழந்தையின் எடை ஏறத்தாழ 300 கிராம். முதற் பிள்ளையைச் சுமப்பவர்கள் 18 முதல் 20 வாரங்களில் குழந்தையின் அசைவை முதன்முதலாக உணர்வர். முன்னரே பிள்ளை பெற்றவர்கள் இன்னும் சற்று முன்னதாகவே உணரக்கூடும். 24 வாரங்கள் ஆகியும் அசைவு தெரியாவிட்டால், தாமதியாமல் தாதியிடம் சொல்ல வேண்டும்.

இம்மாதங்களில் இடுப்பு வலி, நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், இரவில் கெண்டைக்காலில் பிடிப்பு ஆகியவை தோன்றலாம். இவை இயல்பானவை. சிறிது சிறிதாகப் பல வேளை உண்பதும், நிறையத் தண்ணீர் பருகுவதும், ஓய்வு நேரத்தில் காலை உயர்த்தி வைத்துக் கொள்வதும் நன்மை தரும்.

இரத்தச் சோகை

குழந்தை வளர வளரத் தாயின் உடலுக்கு இரும்புச் சத்து மிகுதியாகத் தேவைப்படுகிறது. அது போதாதபோது இரத்தம் வலுவிழக்கிறது. களைப்பு, மூச்சு வாங்குதல், கண் இமையின் உட்புறம் வெளுத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். மண், சாம்பல், பச்சரிசி ஆகியவற்றைத் தின்னத் தோன்றுவதும் இச்சோகையின் அறிகுறியாக இருக்கலாம். அதனை வெறும் மசக்கை ஆசையென்று விட்டுவிடலாகாது. சோகையுள்ள தாய், பிரசவத்தின்போது ஏற்படும் இரத்த இழப்பைத் தாங்குவது கடினம்.

மருந்தகத்தில் தரப்படும் இரும்புச் சத்து மாத்திரையை நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். மலம் கறுத்துப் போவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: தேநீருடனோ பாலுடனோ மாத்திரையை விழுங்கினால் அதன் சத்து உடலில் சரிவரச் சேராது. சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்தும் பழக்கமும் உணவிலுள்ள இரும்புச் சத்தைத் தடுக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். மாத்திரையுடன் ஒரு கொய்யாத் துண்டோ ஆரஞ்சுச் சுளையோ உண்பது சத்துச் சேர உதவும்.

சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும்

கர்ப்ப காலத்தில் மட்டும் தோன்றும் நீரிழிவு ஒன்று உண்டு. இந்திய வம்சாவளிப் பெண்களுக்கு இது ஏற்படும் வாய்ப்பு அதிகம். 24 முதல் 28 வாரங்களுக்குள் இதற்கான சோதனை செய்யப்படுகிறது. வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் இரத்தம் எடுப்பர். காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்துக் கொள்ளுங்கள். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பருத்துப் பிரசவம் சிக்கலாகலாம். காலத்தில் கண்டறிந்தால், உணவுக் கட்டுப்பாட்டினாலேயே பலரது சர்க்கரை அடங்கி விடுகிறது.

20-ஆவது வாரத்திற்குப் பின் சிலருக்கு இரத்தக் கொதிப்பு ஏறி, சிறுநீரில் புரதம் வெளியாகும். இது முற்றினால் வலிப்பு வந்து தாய் சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்தாக முடியும். அதனால்தான் தாதியர் ஒவ்வொரு முறையும் கையில் பட்டை கட்டிப் பார்க்கின்றனர், சிறுநீரையும் சோதிக்கின்றனர்.

தாயின் பதிவுப் புத்தகத்தில் தாதியர் ஒட்டும் வண்ணச் சீட்டுக்கும் பொருள் உண்டு. வெள்ளையும் பச்சையும் மருந்தகக் கவனிப்பைக் குறிக்கும். மஞ்சள் வந்தால் மருத்துவரைக் காண்பதில் தாமதம் கூடாது. சிவப்பு வந்தால் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

உணவு

நிறைய உண்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்று அஞ்சி வயிற்றைச் சுருக்கும் தாய்மார்கள் உள்ளனர். அது தவறு. இருவருக்காக இரண்டு மடங்கு உண்ணவும் வேண்டியதில்லை. சோற்றைச் சற்றுக் குறைத்து, பருப்பு, முட்டை, மீன், முருங்கைக்கீரை ஆகியவற்றைக் கூட்டினாலே போதும். எலும்போடு உண்ணப்படும் நெத்திலி சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. வெற்றிலையோடு புகையிலை போடுவதையும், மதுவையும் அறவே விலக்க வேண்டும். கணவர் வீட்டினுள் புகை பிடிப்பதும் குழந்தையைப் பாதிக்கும்.

தோட்ட வேலை

உடல்நலம் நன்றாக உள்ள தாய் இம்மாதங்களில் மரம் சீவலாம். ஆனால், நிறைந்த பால் வாளிகளைச் சுமந்து மேடு பள்ளங்களில் ஏறி இறங்குவது ஆகாது. வழுக்கி விழுந்தால் பெருங்கேடு. மருந்து தெளிக்கும் வேலை, உரம் போடும் வேலை, பால் உறைய வைக்கும் ஆசிட்டைக் கையாளும் வேலை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். பாராகுவாட் எனும் களைக்கொல்லி 2020-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. ஆயினும் மற்றக் களைக்கொல்லிகளும் கர்ப்பிணிகளுக்கு உகந்தவையல்ல. தாதியிடம் கடிதம் பெற்று, இலேசான வேலை தருமாறு நிர்வாகத்திடம் கேளுங்கள். கணவரோ உடன் வேலை செய்பவரோ வாளியைத் தூக்கிக் கொடுப்பது சிறிய உதவியன்று.

சீவாத மரங்களின் கோப்பைகளில் மழைநீர் தேங்கினால் கொசு பெருகும். அவற்றைக் கவிழ்த்து வைப்பதும், உடலை மூடும் ஆடை அணிவதும் டெங்கிக் காய்ச்சலிலிருந்து காக்கும்.

வேலையை விட்டுவிடும் முன்

2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து, தீபகற்ப மலேசியாவில் பிரசவ விடுமுறை 60 நாட்களிலிருந்து 98 நாட்களாக உயர்த்தப்பட்டுள்ளது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதும் சட்டப்படி குற்றம். பிரசவப்படி பெறுவதற்கு, பிரசவத்திற்கு முந்திய 4 மாதங்களில் ஏதேனும் ஒரு நாளாவது அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். முந்திய 9 மாதங்களில் குறைந்தது 90 நாட்கள் வேலையில் இருந்திருக்க வேண்டும். ஆகவே, ஐந்தாம் மாதத்தில் உடல் கனக்கிறதென்று பெயரை வெட்டிக் கொண்டு நின்றுவிட்டால், அந்தப் படி கைநழுவிப் போகலாம். இதனை ஆராய்ந்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

உடனே செல்ல வேண்டிய நேரம்

இரத்தப் போக்கு, நீர்க்கசிவு, கடுந்தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கைகளும் வீங்குதல், காய்ச்சல், விட்டு விட்டு வரும் வயிற்று வலி, நன்கு தெரிந்த அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. 999 என்ற எண்ணை அழைக்கலாம். தோட்டத்திலிருந்து மருத்துவமனை தொலைவு என்றால், இரவில் யாருடைய வாகனம் கிடைக்கும் என்பதை இப்போதே பேசி வைத்துக் கொள்ளுங்கள்.

ஒரு நாள் சம்பளம் அடுத்த மாதம் ஈட்டக் கூடியது. தாயின் உயிரோ ஈடு செய்ய முடியாதது. உடம்பு சுகமாக இருக்கும் இந்த மாதங்களிலேயே, குறித்த நாளில் பதிவுப் புத்தகத்துடன் மருந்தகம் செல்லுங்கள். உடன் வர முடியுமானால் கணவரும் வரட்டும்.